சோத்தோங் தோலும் உறைஞ்ச ரப்பர் பாலும்

சனிக்கிழம காலையில பாசாருக்கு போனா எங்கம்மா சோத்தோங்க, அதாவது கணவாய, சும்மா அள்ளி எடுக்க மாட்டாங்க, ஒரு விரலால அது மேல லேசா அழுத்தி பாப்பாங்க. பிரெஷ்ஷா இருந்தா அழுத்துன எடத்துல செம்மண் கலர்ல புள்ளி புள்ளியா விரிஞ்சு மறுபடி சுருங்கும். ஐஸ் மேல கெடக்குறது செத்த சோத்தோங் தான், ஆனா தோலுக்கு அந்த சேதி இன்னும் போய் சேரல. எங்க ஊரு மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை, போர்டுல இப்போ பெஸ்தாரி ஜெயான்னு இருக்கும், ஊர சுத்தி செம்பனை தான், கடல பாக்கணும்னா கோல சிலாங்கூர் பக்கம் போகணும், அதனால எங்களுக்கு இந்த விரல் டெஸ்ட் முக்கியம்.

அந்த புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு சின்ன சாயப் பை. சுத்தி தசை இருக்கு, தசை இழுத்தா பை விரியும், விட்டா சுருங்கும், ஒரு செகண்டு கூட ஆகாது. இது நெறைய பேருக்கு தெரிஞ்ச கததான். எனக்கு புடிச்சது அதுக்கு கீழ இருக்குற லேயர். சோத்தோங் கண்ண சுத்தி பச்சையும் நீலமுமா மினுங்கும் பாருங்க, அந்த மினுக்கத்துல சாயமே கெடையாது, தோல உரிச்சு எவ்ளோ அரைச்சாலும் உங்களுக்கு ஒரு சொட்டு பச்சை கெடைக்காது.

மழ பேஞ்ச அன்னைக்கு மோட்டார் கட முன்னாடி தேங்குன தண்ணில எண்ண மெதக்கும்ல, வானவில் மாதிரி தெரியும், அதே வித்த தான். எண்ணையில கலர் இல்ல, ரொம்ப மெல்லிசான படலம், மேல் பக்கம் பட்டு திரும்புற வெளிச்சமும் அடிப் பக்கம் பட்டு திரும்புற வெளிச்சமும் ஒண்ணோட ஒண்ணு சேரும்போது சில கலர் கூடும், சில கலர் அடிபட்டு போகும். எந்த கலர் கூடும்ங்கறது படலம் எவ்ளோ தடிமன்னு பொறுத்தது. சோத்தோங் செல்லுக்குள்ள இந்த மாதிரி தட்டுங்க ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இருக்கு, அதுக்கு உள்ள நெறஞ்சு இருக்குறது ரிஃப்ளெக்டின்னு ஒரு புரோட்டீன். 2004ல ஹவாய்ல இருக்குற கட்டவிரல் சைஸ் குட்டி சோத்தோங் ஒண்ணுல இத கண்டுபுடிச்சு பேரு வச்சாங்க. கொஞ்சம் விசித்திரமான புரோட்டீன், மத்த புரோட்டீன்ல சாதாரணமா இருக்குற சில அமினோ அமிலங்க இதுல ஏறக்குறைய இல்லவே இல்ல, அதுக்கு பதிலா கந்தகம் இருக்குற மெத்தியோனினும் வளையம் வளையமா இருக்குற அமினோ அமிலங்களும் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும், அதனால வெளிச்சத்த வளைக்கிற சக்தி இதுக்கு மத்த புரோட்டீன விட ஜாஸ்தி.

சரி, தட்டோட தடிமன் மாறுனா கலர் மாறும், ஆனா உயிரோட இருக்குற தோல்ல தடிமன எப்படி மாத்துறது? இங்க தான் எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. அப்பா பால் வெட்டுனவரு, தோட்டத்துல பால்மரம், அதாவது ரப்பர் மரம், இருந்த காலம். கொண்டு வந்த பால தட்டுல ஊத்தி தண்ணி கலந்து கொஞ்சம் ஆசிட் விடுவாங்க, விட்ட கொஞ்ச நேரத்துல தயிர் மாதிரி உறையும், அப்புறம் மிஷின்ல குடுத்து அழுத்துனா தண்ணி பீச்சிக்கிட்டு வெளிய வரும், ஷீட் மெலிசாயிரும். சின்ன வயசுல அத பாத்துக்கிட்டே நின்னுருக்கேன், ஏன் உறையுதுன்னு யாரும் சொல்லல. விஷயம் என்னன்னா, பால்ல மெதக்குற ரப்பர் துளி எல்லாத்துக்கும் மேல நெகட்டிவ் சார்ஜ், ஒரே சார்ஜ் ஒண்ண ஒண்ணு தள்ளும், அதனால ஒட்டாம மெதக்குது. ஆசிட் குடுக்குற புரோட்டான், அதாவது எலக்ட்ரான இழந்த ஹைட்ரஜன், பாசிட்டிவ், அது அந்த சார்ஜ கொன்னுரும், தள்ள ஆள் இல்லாம எல்லாம் கட்டிப் புடிச்சுக்கும்.

சோத்தோங் செய்யிறது இதோட தலகீழ் கணக்கு. ரிஃப்ளெக்டின் மேல பாசிட்டிவ் சார்ஜ், அதனால ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு தண்ணிய உறிஞ்சி உப்பி கெடக்கும். நரம்புல இருந்து அசிட்டைல்கோலின்னு சேதி கொண்டு வர்ற ரசாயனம் வந்து செல்ல தட்டுனதும், உள்ள இருக்குற என்சைம் ரிஃப்ளெக்டின் மேல பாஸ்பேட் ஒட்டி விடும், பாஸ்பேட் நெகட்டிவ், சார்ஜ் சமமாயிரும். புரோட்டீன் எல்லாம் நெருங்கி ஒட்டும், தண்ணி தட்ட விட்டு வெளிய போகும், தட்டு மெலியும், இடைவெளியும் கொறையும், செவப்புல இருந்த கலர் பச்சைக்கும் நீலத்துக்கும் நகரும். தண்ணி போனதால தட்டு கெட்டியாகி வெளிச்சத்த இன்னும் பலமா திருப்பி அடிக்கும், அதாவது ஒரே வேலைல கலரும் மாறுது பளபளப்பும் ஏறுது. கலிபோர்னியா சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்துல டேனியல் மோர்ஸ் குழு இத துண்டு துண்டா பிரிச்சு காட்டுனாங்க. எங்கப்பா தட்டுல ஊத்துன பால் உறைஞ்சா உறைஞ்சது தான், மறுபடி பாலாகாது. சோத்தோங் பாஸ்பேட்ட எடுத்துட்டு தண்ணிய திரும்ப உள்ள விட்டுக்கும், ஒரு நாளைக்கு எத்தன தடவ வேணும்னாலும். மெட்டீரியல் ஆளுங்க இது பின்னாடி ஓடுறதுக்கு காரணமே அந்த திரும்பி வர்ற குணம் தான்.

இதுக்காக யாரும் கூடை கூடையா சோத்தோங் புடிக்கல, பயப்பட வேணாம். ஜீன ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள வச்சா அதுவே புரோட்டீன செஞ்சு குடுக்குது. 2013ல கலிபோர்னியா இர்வைன் பல்கலைக்கழகத்துல அலோன் கோரோடெட்ஸ்கி குழு அத மெலிசான படலமா பூசி, வினிகர்ல இருக்குற அதே அசெட்டிக் ஆசிட் ஆவிய காட்டுனாங்க, படலம் உப்பிச்சு, கலர் நம்ம கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு பக்கம் போயிருச்சு. 2015ல அத டேப்ல பூசி ஸ்டிக்கராவே செஞ்சாங்க, அகச்சிவப்பு கேமராகிட்ட இருந்து ஆள மறைக்கலாமான்னு. ராணுவத்துக்கு ஆச வரத்தான் செய்யும், எனக்கு அதுல பெருசா ஈர்ப்பு இல்ல.

எனக்கு புடிச்சது 2019ல வந்த ஷீட். அதுல புரோட்டீனே இல்ல, சாயப் பை விரிஞ்சு சுருங்குற ஐடியா மட்டும் எடுத்துக்கிட்டாங்க. ரப்பர் மாதிரி இழுபடுற பிளாஸ்டிக் மேல குட்டி குட்டி தாமிரத் துண்டு. சும்மா இருக்கும்போது துண்டெல்லாம் நெருங்கி ஒடம்பு சூட்ட திருப்பி அடிக்கும், இழுத்தா துண்டுக்கு நடுவுல சந்து விழுந்து சூடு வெளிய போயிரும். மத்தியானம் செம்பனை காட்டுக்குள்ள கொல சுமக்குறவங்களுக்கு சட்டையா தைச்சு குடுத்தா என்னன்னு தான் எனக்கு தோணுச்சு, ஆனா நம்மூர் வேக்காட்டுல காத்தே சூடா இருக்கும்போது எவ்ளோ சூடு தான் வெளிய போகும்னும் யோசிக்கணும்.

இன்னொரு விஷயம் கரண்ட். 2014ல அதே கோரோடெட்ஸ்கி குழு ரிஃப்ளெக்டின் படலம் புரோட்டான கடத்துதுன்னு காட்டுனாங்க. நம்ம போன்ல ஓடுறது எலக்ட்ரான், நம்ம ஒடம்புக்குள்ள சமாச்சாரம் ஓடுறது சோடியம், பொட்டாசியம், புரோட்டான் மாதிரி அயனில, இந்த ரெண்டு பாஷைக்கும் நடுவுல மொழிபெயர்ப்பாளர் வேணும்னா புரோட்டான கடத்துற மென்மையான பொருள் தேவ. எப்படி கடத்துதுன்னா, ஆள ஏத்துற லாரி பெஞ்சு மாதிரி. பெஞ்சு நெறஞ்சு இருக்கும்போது இந்த முனைல ஒருத்தர் இடிச்சுக்கிட்டு ஒக்காந்தா அந்த முனைல ஒருத்தர் எந்திரிக்கணும், ஏறுனவரும் எறங்குனவரும் வேற வேற ஆளு, ஆனா ஒரு ஆள் கடந்து போன கணக்கு. தண்ணி மூலக்கூறும் புரோட்டீன்ல இருக்குற அமில எடங்களும் தான் பெஞ்சு. சாதா தண்ணிக்கு பதிலா கன நீர், அதாவது ஹைட்ரஜன் கனமா இருக்குற தண்ணி, அதோட ஆவிய விட்டா கரண்ட் கொறஞ்சுச்சு, ஏன்னா இப்போ குதிக்க வேண்டிய ஆள் ரெண்டு மடங்கு வெயிட்டு. அந்த அமில எடங்கள மாத்திட்டு பாத்தாலும் கொறஞ்சுச்சு. புரோட்டான் தான்னு நம்புறதுக்கு அது போதும்.

ஒரே தொல்ல, ஈரம் வேணும். காஞ்ச காத்துல பெஞ்சு காலி, கரண்டும் ஓடாது. காலையில காயப் போட்ட துணி சாயங்காலம் வரைக்கும் காயாத எங்க ஊர்ல அது ஒரு பிரச்சனையே இல்ல, வேணும்னா இங்க வந்து லேப் போடட்டும், சோத்தோங் சம்பலுக்கு நான் பொறுப்பு.