ஒரே கரும்பலகை, பல கைகள்

ஒரு கல்லூரிக் கருத்தரங்கின் ஏற்பாடுகளை மூன்று ஏஐ ஏஜென்ட்களிடம், அதாவது சொன்ன வேலையைத் தாமே செய்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்களிடம், ஒப்படைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று மண்டபம் பார்க்கிறது, இன்னொன்று சாப்பாட்டைக் கவனிக்கிறது, மூன்றாவது அழைப்பிதழ் அனுப்புகிறது. மூன்றுக்கும் பொதுவான பதிவேட்டில் 'கையிருப்பு ரூ. 40,000' என்று ஒரு வரி இருக்கிறது. சாப்பாட்டு ஏஜென்ட் அந்த வரியைப் படித்து, ரூ. 25,000-க்குச் சமையல் ஒப்பந்தம் பேசி முடித்து, கையிருப்பை 15,000 என்று திருத்துகிறது. கையிருப்பு 40,000-ஆக இருந்தபோதே அதே வரியைப் படித்துவிட்ட மண்டப ஏஜென்ட், ரூ. 30,000-க்கு மண்டபம் பிடித்து, அந்த வரியின் மேல் 10,000 என்று எழுதிவிடுகிறது. செலவானது 55,000. பதிவேடோ இன்னும் 10,000 மிச்சம் இருப்பதாகக் காட்டுகிறது.

இரண்டு ஏஜென்ட்களுமே கழித்தலைச் சரியாகத்தான் செய்தன. ஆகவே இவற்றின் மூளையாக இயங்கும் மொழி மாதிரிக்கு (உரையைப் படித்து எழுதும் ஏஐ) பதிலாக இன்னும் கூர்மையான ஒன்றைக் கொண்டுவந்தாலும் இந்தத் தவறு நீங்காது. படித்த கணத்துக்கும் எழுதிய கணத்துக்கும் நடுவில் உலகம் மாறிவிட்டது என்பதே சிக்கல்.

ஒருவர் படித்து எழுதி முடிக்கும்வரை மற்றவர் நுழையாதபடி பூட்டிவைப்பது பழைய வைத்தியம். ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களுக்கு அத்தகைய கட்டுப்பாட்டைக் கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965-இலேயே வகுத்துக் காட்டினார். சாதாரண நிரல் ஒன்று பூட்டைக் கையில் வைத்திருக்கும் நேரம் பெரும்பாலும் கண்சிமிட்டும் பொழுதைவிடக் குறைவு. மொழி மாதிரியை வைத்து இயங்கும் ஏஜென்ட் அப்படியல்ல. அது யோசிக்கிறது, தேடுகிறது, பதிலுக்குக் காத்திருக்கிறது, சில வேளைகளில் நிமிடக்கணக்கில். அவ்வளவு நேரமும் பதிவேடு பூட்டிக் கிடந்தால் மற்றவை கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

எனவே பூட்டாமல் சரிபார்க்கும் முறை இங்கே அதிகம் பொருந்துகிறது. இதைக் கணினி அறிவியலாளர்கள் எச். டி. குங்கும் ஜான் ராபின்சனும் 1981-இல் தரவுத்தளங்களுக்காக முன்வைத்தார்கள். இன்று பரவலாக உள்ள வடிவத்தில், பதிவேட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதிப்பெண் உண்டு. இரண்டு ஏஜென்ட்களும் 7-ஆம் பதிப்பைப் படிக்கின்றன. சாப்பாட்டு ஏஜென்ட், 'இப்போதும் 7-தான் என்றால் 15,000 என்று எழுது' எனக் கேட்கிறது. எழுதப்பட்டதும் பதிப்பு 8 ஆகிவிடுகிறது. அடுத்து வரும் மண்டப ஏஜென்ட்டும் 7 என்று சொல்லிக் கேட்க, பதிவேடு மறுத்துவிடுகிறது. அது மீண்டும் படித்து, 15,000-தான் இருக்கிறது என்று கண்டு, சிறிய மண்டபமாகத் தேட வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது இந்த எழுத்து ஏற்கப்பட்ட பிறகே நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் பதிப்பெண்ணால் பயனில்லை.

எண்கள் மோதினால் இப்படிப் பிடித்துவிடலாம். பொருள் மோதும்போதுதான் எனக்கு உண்மையான கவலை. மண்டப ஏஜென்ட் தேர்ந்தெடுத்த சிறிய மண்டபத்தில் வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது திருத்தியது 'மண்டபம்' என்ற வரியை. சமையல் ஒப்பந்தம் இருப்பது வேறொரு வரியில். எந்தப் பதிப்பெண்ணும் மோதவில்லை, பதிவேட்டில் ஒரு குறையும் தெரியவில்லை, ஆனாலும் கருத்தரங்கு நாளன்று சாப்பாட்டு வண்டி வாசலில் நிற்கும்.

இதற்கான விடையின் பெரும்பகுதி 1970-களிலேயே கிடைத்துவிட்டது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, பின்னாளில் கணினித் துறையின் மிக உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்ற ராஜ் ரெட்டியின் குழு, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'ஹியர்சே-2' என்ற, பேச்சைக் கேட்டுச் சொற்களை இனங்காணும் அமைப்பை உருவாக்கியது. ஒலித்துண்டு, அசை, சொல், சொற்றொடர் என ஒவ்வொரு படிநிலைக்கும் தேர்ந்த தனித்தனி நிரற்பகுதிகள் அதில் இருந்தன. அவை ஒன்றோடொன்று நேரே பேசிக்கொள்ளாமல், கரும்பலகை என்று அழைக்கப்பட்ட பொது நினைவகத்தில் தம் ஊகங்களை எழுதின. ஒவ்வொரு ஊகமும், அது எவ்வளவு நம்பத்தக்கது என்ற மதிப்பையும், எந்த ஊகங்களின் மேல் நிற்கிறது என்ற இணைப்பையும் சுமந்திருந்தது. பலகையில் ஒன்று மாறினால், அந்த மாற்றத்தில் அக்கறையுள்ள பகுதி செயல்படத் தகுதி பெறும். அடுத்து எது இயங்கலாம் என்பதை ஒரு திட்டமிடும் பகுதி முடிவுசெய்யும்.

அந்த இணைப்புகளைத்தான் இன்றைய ஏஜென்ட் அமைப்புகள் பலவற்றில் நான் தேடுகிறேன். 'சமையல் ஒப்பந்தம்' என்ற வரியோடு, 'மண்டபம் வரி, 3-ஆம் பதிப்பை நம்பி எடுத்த முடிவு' என்ற குறிப்பும் சேர்ந்திருந்தால், மண்டபம் 4-ஆம் பதிப்புக்கு மாறிய உடனே சாப்பாட்டு ஏஜென்ட்டை எழுப்பிவிடலாம்.

எழுப்பினால் மட்டும் போதாது என்பது மொழி மாதிரிகளுக்கே உரிய சிக்கல். முன்பு படித்த பழைய மண்டபத்தின் பெயர், அந்த ஏஜென்ட்டின் உரையாடல் வரலாற்றில் இன்னும் அப்படியே கிடக்கும். புதிய வரியும் பழைய வரியும் அதன் கண்ணுக்கு அருகருகே தெரியும்போது, அது பழையதையே பிடித்துக்கொள்ளவும் கூடும். எனவே எழுப்பும் செய்தியிலேயே எந்த வரி செல்லாமல் போனது, அதன் இடத்தில் வந்தது எது, எந்தப் பதிப்பு என்று வெளிப்படையாக எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது.