நரம்பா, ஜவ்வா, நாணா?

தாராவியில் இருக்கும் என் அத்தை மழை நாளில் மாடிப்படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. ஆனால் மேல்தட்டில் இருக்கும் டீத்தூள் டப்பாவை எட்டி எடுக்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு அங்கிருந்த ஊழியர் "நஸ் ஃபட் கயீ ஹை" என்றாராம். அத்தை அதை அப்படியே தமிழாக்கி திருநெல்வேலிக்குப் போன் போட்டு, "தோள்ல நரம்பு அறுந்துபோச்சு" என்று சொல்லிவிட்டார். கை விளங்காமலே போய்விட்டது என்று அங்கே ஒரே அழுகை.

கிழிந்தது நரம்பு இல்லை, டெண்டன். தசையை எலும்போடு கட்டும் கயிறு. பேச்சு இந்தியில் 'நஸ்' என்றால் ரத்தக்குழாய், நரம்பு, டெண்டன் மூன்றும்தான். நாம் மட்டும் என்ன? "நரம்பு இழுத்துக்கிச்சு" என்கிறோம். யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். கிரேக்கர்களின் 'நியூரான்' கூட முதலில் தசைக்கயிற்றையும் வில்லின் நாணையும்தான் குறித்தது. உணர்வு கடத்தும் நரம்பு என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

டெண்டன், 'இழுத்து நீட்டு' என்று பொருள்படும் லத்தீன் வினையோடு சேர்ந்த சொல். சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்த 'தந்தி'யும் அதே வேரிலிருந்து கிளைத்தது. வீணையில் இருப்பதும் அத்தையின் தோளில் இருப்பதும் தூரத்துச் சொந்தம்!

அப்புறம் இந்த ஜவ்வு. "எலும்புக்கு ஒண்ணுமில்ல, ஜவ்வுதான்" என்று ஆறுதல் சொல்லாத தமிழர் உண்டா? சவ்வு என்பது மெல்லிய படலம். மூளைச்சவ்வு சரி, தோளுக்குப் பொருந்தாது. அந்த ஆறுதலும் தப்பு. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். டெண்டன் கிழிந்திருந்தால் ஸ்கேனில்தான் தெரியும்.

சரியான தமிழ் தசைநாண். தசை சுருங்கும்போது எலும்பை இழுப்பது இந்த நாண்தான். எலும்பையும் எலும்பையும் பிணைப்பது லிகமென்ட். அதற்குத் 'தசைநார்' என்றும் 'பிணையம்' என்றும் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. தசைக்கே சம்பந்தமில்லாத ஒன்றுக்குத் தசைநார் என்பது குழப்பம், எனக்குப் பிணையமே பிடித்திருக்கிறது.

தோளில் நான்கு தசைகளின் நாண்கள் ஒன்றுசேர்ந்து புய எலும்பின் உருண்டைத் தலையைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. அதுதான் 'ரொட்டேட்டர் கஃப்'. தையல்கடை வைத்திருக்கும் மாமாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை, சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக் காட்டி, "இந்தப் பட்டி மாதிரியா?" என்றார். சுழல்தசைப் பட்டி என்று சொல்லலாம் போல. நான்கில் மேலே ஓடும் நாண்தான் அதிகம் கிழிவது. கையைப் பக்கவாட்டில் தூக்கத் தொடங்குவதில் அதற்குப் பெரும் பங்கு. சில விழுகைகளில் நாண் கிழியாது, தான் பற்றியிருக்கும் எலும்புப் புடைப்பையே பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். அது எலும்பு முறிவுக் கணக்கு, எக்ஸ்ரேயிலும் தெரியும்.

இப்போது அத்தை எல்லோரிடமும் "தோள்ல நாண் கிழிஞ்சிருக்கு" என்றுதான் சொல்கிறார். இங்கே பிறந்து வளர்ந்த பேரனுக்கு மட்டும் இன்னும் சந்தேகம்: "பட்டர் நாணா, பாட்டி?"