காட்டைப் பார்க்காமலே காடு வரைந்த ரூசோ: பச்சையோடு மல்லுக்கட்டுபவர்களுக்குச் சில குறிப்புகள்

‘இயற்கைக் காட்சி வரை’ என்று எந்தக் குழந்தையிடம் சொன்னாலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை என்று ஒரே ‘சீனரி’தான் வருகிறது. பல வருடம் தூரிகை பிடித்த பெரியவர்களிடம் ‘உங்கள் மனதில் இருக்கும் சொர்க்கத்தை வரையுங்கள்’ என்றாலும் அதே சீனரி கொஞ்சம் நகாசு வேலையோடு வரும். ‘கற்பனை போதவில்லை’ என்று ஆசிரியர்களும் பெற்றோரும் குறைப்படுகிறார்கள். பத்து இலையை உட்கார்ந்து பார்த்து வரையாத கைக்குக் கற்பனையில் காடு எங்கிருந்து முளைக்கும்?

இதைப் புரிந்துகொள்ள ஆன்றி ரூசோவைவிட நல்ல பாடம் கிடையாது. (தத்துவ அறிஞர் ரூசோ வேறு, இவர் வேறு.) 1844இல் பிரான்சின் லவால் நகரில் பிறந்தவர். பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்குச் சுங்கம் வசூலிக்கும் அலுவலகத்தில் 1871 முதல் 1893 வரை வேலை பார்த்தார். ஓவியப் பள்ளி எதிலும் படித்தவரல்ல. லூவ்ரு அருங்காட்சியகத்தில் அமர்ந்து பழைய ஓவியங்களைப் பார்த்து வரைய 1884இல் அனுமதி வாங்கி, தானாகவே கற்றுக்கொண்டார். பிரான்சை விட்டு வெளியே போனதே இல்லை. மெக்சிகோவுக்குப் படையோடு போய்வந்தவர் என்று ஒரு கதை அவரைச் சுற்றி உலவியது. அது வெறும் கதை. ஆனால் வெப்பமண்டலக் காடு என்றதும் உலகம் நினைத்துப் பார்க்கும் ஓவியங்களில் பலவும் அவருடையவை.

அவருடைய கடைசிப் பெரிய படம் ‘கனவு’. 1910இல் வரைந்தார், அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். சுமார் 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காட்டு நடுவே ஒரு சோபா, அதில் ஆடையில்லாத ஒரு பெண். சுற்றிலும் ஆளுயரத்துக்கு எழும்பிய தாமரைபோன்ற பூக்கள், புதருக்குள்ளிருந்து விழிக்கும் சிங்கங்கள், பாதி மறைந்த யானை, குழல் ஊதும் ஒரு கரிய உருவம், கீழே நெளியும் ஆரஞ்சு நிறப் பாம்பு. காட்டில் சோபா எதற்கு என்ற கேள்விக்கு, சோபாவில் தூங்கும் பெண் தான் காட்டுக்குள் வந்துவிட்டதாகக் கனவு காண்கிறாள் என்று ஒரு விமர்சகருக்குக் கடிதத்தில் பதில் எழுதினார்.

இவ்வளவையும் அவர் எங்கே பார்த்தார்? பாரிஸின் தாவரவியல் பூங்காவில். 1635இல் அரசரின் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கிய இடம் அது. அங்குள்ள கண்ணாடி வீடுகளில் வெப்பநாட்டுச் செடிகள் வளர்ந்தன. அவற்றுக்குள் நுழைந்தாலே கனவுக்குள் நுழைவதுபோல் இருக்கிறது என்று ரூசோ சொல்லியிருக்கிறார். அதே வளாகத்தில் விலங்குக் காட்சிச்சாலையும், 1889இல் திறந்த விலங்கியல் கூடமும் இருந்தன. 1905இல் அவர் காட்சிக்கு வைத்த, மானைக் கடித்துக் குதறும் சிங்கத்தின் படம் அங்கே பாடம் செய்து (இறந்த விலங்கைப் பதப்படுத்தி, உயிருள்ளதுபோல் நிறுத்தி) வைத்திருந்த ஒரு சிங்கம்–மான் தொகுதியைப் பார்த்து வரைந்தது. ஒரு பெரிய கடை வெளியிட்ட காட்டு விலங்குப் பட ஆல்பமும் அவரிடம் இருந்தது. 1907இல் வரைந்த ‘பாம்பாட்டிப் பெண்’ படத்துக்கு வித்து, ஓவியர் ராபர் தெலோனேயின் தாயார் தம் இந்தியப் பயணத்தைப் பற்றிச் சொன்ன கதைகள். ஆக, அவருடைய சொர்க்கத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முகவரி உண்டு. துண்டுகளைச் சேர்த்த விதம்தான் கனவு.

பார்த்த இடத்தின் குறையும் படத்தில் அப்படியே இறங்கிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். பாடம் செய்த விலங்குக்குக் கண்ணாடிக் கண். ரூசோவின் விலங்குகள் பல அதே வெறித்த பார்வையோடு நிற்கின்றன. தொட்டிச் செடியின் இலை மரத்தின் அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. அவர் கையில் இது அழகாகிவிட்டது, ஏனென்றால் படம் முழுக்க ஒரே சீராக அப்படித்தான் இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் நேர்ந்தால் அது பிழையாகவே தெரியும்.

பாரிஸில் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றியதில் பாதி நம் வேலியோரத்தில் கிடக்கிறது. வாழை, தாழை, கல்வாழை, சேம்பு, ஆனைக்கற்றாழை, நர்சரியில் ‘ஸ்நேக் பிளான்ட்’ என்று விற்கும் செடிக்கு உறவான மருள். ஆறு செடி போதும். ஒவ்வொன்றையும் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று கோணத்தில் பென்சிலால் வரையுங்கள். அதற்கு முன் வண்ணத்தைத் தொட வேண்டாம்.

பிழைகள் எப்போதும் ஒரே இடங்களில்தான் வரும். வாழையிலையின் நரம்புகள் நடுத்தண்டிலிருந்து ஏறக்குறைய செங்குத்தாகப் பிரிந்து இணையாக ஓடும். காற்றில் கிழிந்தால் அந்த நரம்பின் வழியே கிழிந்து நடுத்தண்டில் நின்றுவிடும். பலர் கிழிசலைக் குறுக்கும் நெடுக்கும் போடுவதால் அது பழைய துணிபோல் ஆகிவிடுகிறது. தென்னை ஓலையைச் சீப்புப் பல்போல் விறைப்பாக வரைகிறார்கள். ஓலையின் ஒவ்வொரு ஈர்க்கும் தன் எடையால் கீழே தொங்கும், நுனிக்குப் போகப் போகக் குட்டையாகும். பனையோலை விசிறி மடிப்பு. மடிப்புக்கு ஒரு வெளிச்சப் பக்கமும் ஒரு நிழல் பக்கமும் வேண்டும். தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவில் இணையும், நீருக்கு மேலே எழுந்தும் நிற்கும். அல்லி இலையில் ஒரு வெட்டு இருக்கும், நீரில் படிந்து மிதக்கும். இரண்டையும் கலந்து வரைந்த குளங்கள்தான் கண்காட்சிகளில் அதிகம்.

அடுத்தது பச்சை. ‘கனவு’ படத்தின் உயிரே எண்ணிச் சொல்ல முடியாத அதன் பச்சைகளில் இருக்கிறது. டியூபில் வரும் பச்சையை நேரடியாகப் பூசினால் படம் பிளாஸ்டிக் மாலைபோல் ஆகிவிடும். டியூபின் பின்பக்கம் நிறமிக் குறியீடு இருக்கும், அதைப் படியுங்கள். ‘சாப் கிரீன்’ என்ற பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு கலவையை அடைக்கிறது. கையில் இருக்க வேண்டியவை: தாலோ பச்சை (பிஜி 7), அல்ட்ராமரின் நீலம் (பிபி 29), எலுமிச்சை மஞ்சள் (பிஒய் 3), மஞ்சள் காவி (பிஒய் 42), பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு, குயினாக்ரிடோன் சிவப்பு (பிவி 19). அலிசரின் கிரிம்சன் (பிஆர் 83) வெளிச்சத்தில் வெளுக்கும், தவிர்ப்பது நல்லது.

தாலோ பச்சைக்கு வீரியம் அதிகம். எனவே மஞ்சளை எடுத்து வைத்து அதில் பச்சையைச் சேர்க்க வேண்டும். பட்டாணி அளவு மஞ்சளுக்குக் கடுகளவு பச்சை. மாற்றிச் செய்தால் மஞ்சள் டியூப் காலியாகும், பச்சை அடங்காது. அல்ட்ராமரினும் மஞ்சள் காவியும் சேர்ந்தால் மங்கிய ஆலிவ் பச்சை. தூரத்துச் செடிகளுக்கு அது. தாலோ பச்சையோடு குயினாக்ரிடோன் சேர்த்தால் கறுப்புக்குப் பக்கத்தில் போகும் ஓர் ஆழம் கிடைக்கும். காட்டின் உள்ளிருட்டுக்கு டியூப் கறுப்பைவிட இது பல மடங்கு உயிருள்ளது. வெளிச்சம் காட்ட வெள்ளையை அள்ளிச் சேர்ப்பது பெரிய தவறு, பச்சை சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். வெயில் இலையைத் துளைத்து வந்தால் மஞ்சள் கூட்டுங்கள். இலையின் மேல்பரப்பில் வானம் பளபளத்தால் மட்டும் வெள்ளையும் துளி நீலமும். இந்த இரண்டு வெளிச்சத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சூடான நிறத்தைக் குறைவாக வையுங்கள். ரூசோவின் ஆரஞ்சுப் பழங்களும் அந்தப் பாம்பும் கண்ணைப் பறிப்பதற்குக் காரணம், அவை பச்சைக் கடலில் சிறு புள்ளிகள் என்பதுதான்.

பூசும் வரிசை: முதலில் வானம், பிறகு தூரத்து இலை, நடு, கடைசியில் முன்னால் வரும் பெரிய இலை. கேன்வாஸில் முன்கூட்டியே மெல்லிய பர்ன்ட் சியென்னா பூசிக் காயவிட்டால், இலைகளின் இடைவெளியில் அது எட்டிப் பார்த்துப் பச்சைக்குக் கதகதப்பு தரும். எண்ணெய் வண்ணத்தில் கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேல்பூச்சு வெடிக்கும். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி கருக்கும். கலவையை ஒரு துண்டுக் காகிதத்தில் பூசிக் காயவைத்துப் பார்த்த பிறகே படத்தில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். எண்ணெய் வண்ணத்தில் சேரும் ஆளி விதை எண்ணெயைத் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடாகும். குவியலுக்குள் வெப்பம் தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துத் திறந்த வெளியில் காயவையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடிபோட்ட தகர டப்பாவில் போடுங்கள். டர்பன்டைன் எடுக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். காட்மியம் வண்ணங்கள் குழந்தைகள் கைக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்களும் தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

படம் முக்கால்வாசி முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இலைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறங்கள் வேறாக இருந்தும் வெளிச்ச அளவு ஒன்றாக இருக்கிறது என்று பொருள். முன்வரிசை இலை இரண்டைத் தெளிவாக வெளிறவிட்டு, அவற்றுக்குப் பின்னால் உள்ள இடத்தை ஆழமாக்குங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.