பெரிதாக்கினால் மட்டும் ஓவியம் தெரிந்துவிடுமா?

பார்வை மங்கிய முதியவர்களுக்காகத் திரையில் ஓர் ஓவியத்தைக் காட்ட முற்படுவோர் முதலில் சேர்ப்பது, படத்தைப் பெரிதாக்கும் வசதியைத்தான். அது எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதை அறிய, முதுமையில் கண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

வயது ஏற ஏறக் கண்பாவை சுருங்குகிறது. லென்ஸ் தடித்து மஞ்சளாகிறது. இதனால் 60 வயதில் விழித்திரையைச் சென்றடையும் ஒளி, 20 வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மஞ்சளான லென்ஸ் நீல ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுவதால், கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிவது கடினமாகிறது. இவ்வளவும் நோயில்லாத கண்ணின் நிலை. இதற்கு மேல் கண்புரை வந்தால் ஒளி சிதறி, காட்சி முழுவதும் வெண்மூட்டம் படர்கிறது. விழித்திரையின் மையப்பகுதி பழுதடையும் மாக்குலா சிதைவு, பார்வையின் நடுப்பகுதியைப் பறிக்கிறது. பார்வை நரம்பைப் பாதிக்கும் குளுக்கோமா, பெரும்பாலும் பார்வையை ஓரங்களிலிருந்து அரித்துக்கொண்டு வருகிறது.

பெரிதாக்கல் இவர்கள் எல்லாருக்கும் ஒரே பயனைத் தருவதில்லை. நடுப்பார்வை இழந்தவருக்கு, உருவம் பெரிதாகும்போது அது பழுதுபட்ட இடத்தைத் தாண்டி நலமான விழித்திரைப் பரப்பிலும் விழுவதால், முன்பு தெரியாதிருந்த முகம் தெரியத் தொடங்குகிறது. ஓரப்பார்வை இழந்து குழாய் வழியே பார்ப்பவருக்கோ, பெரிதாக்கப் பெரிதாக்க அந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கும் பகுதி குறைந்துகொண்டே போகிறது; அவருக்குச் சில வேளைகளில் சிறிதாக்கும் வசதியே தேவைப்படும்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 71,700 கோடி பிக்சல்கள், அதாவது நுண்புள்ளிகள், கொண்ட படமாக 2022இல் வெளியிட்டது. இவ்வளவு பெரிய கோப்பை எந்தக் கணினியும் ஒரே மூச்சில் இறக்குவதில்லை. படத்தைப் பல அளவுகளில் உருவாக்கி, ஒவ்வொன்றையும் சிறு சதுரங்களாக வெட்டி வைத்துவிட்டு, பார்ப்பவர் அப்போது திரையில் காணும் பகுதிக்குரிய சதுரங்களை மட்டும் அனுப்புவதே இத்தகைய படங்களில் வழக்கமாகக் கையாளப்படும் முறை. நுட்பமாக அற்புதமான ஏற்பாடுதான். ஆனால் உள்ளே போனவர் வண்ணப்பூச்சின் விரிசல்களுக்கிடையே நின்றுவிடுகிறார். தாம் காண்பது யாருடைய தோள், யாருடைய கை என்று அவருக்குப் புரிவதில்லை. மூலையில் முழு ஓவியத்தையும் சிறு கட்டமாகக் காட்டுவது நல்ல கண்களுக்கே உதவும். அதைவிட, ஓவியத்தின் மொத்த அமைப்பை முதலில் குரலால் விவரித்து, பின்னர் அந்த விவரிப்பின் வரிசையிலேயே ஒவ்வொரு பகுதியாகப் பெரிதாக்கிக் காட்டி, ஒரே தொடுதலில் முழுப்படத்துக்குத் திரும்ப விடுவது பயன் மிக்கது என்பது என் கருத்து.

அளவைப் போலவே முக்கியமானது, அருகருகே உள்ள பரப்புகளின் ஒளிர்வு வேறுபாடு. இணைய அணுகல்தன்மை வழிகாட்டி இதை ஒரு விகிதமாகக் கணக்கிடுகிறது: ஒரே நிறம் என்றால் 1:1, வெள்ளையில் கறுப்பு என்றால் 21:1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும், மேல்நிலைத் தரத்துக்கு 7:1. சிவப்பும் பச்சையும் நிறத்தால் எவ்வளவு வேறுபட்டாலும், ஒளிர்வில் ஒத்திருந்தால் இந்த விகிதம் 1:1ஐ நெருங்கிவிடும். மங்கிய கண்ணுக்கு அவற்றுக்கிடையே உள்ள எல்லை எளிதில் கரைந்துபோகும். எழுத்தின் நிறத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம், ஓவியரின் நிறங்களை மாற்றலாமா? உருவங்களின் விளிம்புகளைக் கணினி கண்டறிந்து அவற்றின் மேல் தடித்த கோடு வரைந்து காட்டலாம். அது தனி அடுக்காக இருந்து, விரும்பியபோது அகற்ற முடிந்தால், மூலம் சிதைந்துவிட்டது என்ற குறைக்கு இடமில்லை. பின்புலத்தின் வெண்மையைக் குறைப்பதும் அவ்வாறே பார்ப்பவரின் விருப்பத்துக்கு விடப்பட வேண்டும். கண்புரை உள்ளவருக்குக் கூச்சம் தரும் அதே வெளிச்சம் மற்றொருவருக்குத் தேவைப்படலாம்.

இந்தத் தெரிவுகள் அனைத்தையும் திரையின் மூலையில் ஒரு சாம்பல் நிறப் பற்சக்கரக் குறியின் பின்னே வைப்பதே இன்றைய பழக்கம். அந்தக் குறியைத் தேடிப் பிடிக்கும் கண் இருப்பவருக்கு அந்தத் தெரிவுகள் தேவைப்படுவது அரிது. படம் தோன்றுவதற்கு முன்பே, பெரிய எழுத்திலும் குரலிலும் அவற்றைக் கேட்டுவிடலாம்.