மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியும் முன்னே என் போன் அடிக்கத் தொடங்கிவிடும். "மாடு படுத்துடுச்சு, எழுந்திருக்க மாட்டேங்குது" என்பார்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் பல வருடமாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். அந்த ஒரு நாள் மட்டும், போய்ப் பார்ப்பதற்கு முன்பே என்ன கோளாறு என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆசையாசையாகப் பொங்கலை அள்ளிக் கொடுத்திருப்பார்கள்.

ஒரு வீட்டில் நான் சத்தம் போட்டபோது அந்த அம்மா கேட்டார்: "சோறுதானே டாக்டரம்மா, பச்சப்புள்ளைக்கே ஊட்டுறோம், மாட்டுக்கு ஆகாதா?"

ஆகாது. மாட்டின் முதல் வயிறு புல்லுக்கும் வைக்கோலுக்கும் ஆனது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்து மாட்டுக்குச் சத்தாக்கித் தருகின்றன. அதற்குள் திடீரென்று ஒரு பானை சோறு விழுந்தால் சில மணி நேரத்தில் புளித்து அமிலமாகிவிடும். அசை நின்றுபோகும், உடம்பில் நீர் வற்றும், மாடு சாய்ந்துவிடும். சமையல் சோடா கொடுத்து, நரம்பில் பாட்டில் ஏற்றிப் பல மாடுகளை எழுப்பியிருக்கிறேன். தாமதமாகக் கூப்பிட்ட வீடுகளில் வெறுங்கையோடு திரும்பியும் இருக்கிறேன். (படுத்த மாட்டின் வாயில் நீங்களாக எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போனால் அதுவே மாட்டை முடித்துவிடும்.)

உலகப் பசிக்குக் கால்நடை வளர்ப்பு தீர்வாகுமா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பொங்கல் பானைதான் ஞாபகம் வருகிறது. உலகில் விளையும் தானியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தீவனமாகப் போகிறது. 2024இல் பட்டினியில் வாடியவர்கள் சுமார் 67 கோடிப் பேர் என்பது ஐநா அமைப்புகளின் கணக்கு. மனிதன் தின்னக்கூடியதை மாட்டுக்கும் பன்றிக்கும் கொட்டிப் பாலும் கறியும் எடுத்தால் போட்டதில் பாதிகூடத் திரும்பி வராது. அந்த வழியில் பசி தீரப்போவதில்லை.

ஆனால் அதே ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பு இன்னொன்றும் சொல்கிறது: உலகக் கால்நடைகள் தின்பதில் சுமார் 86 சதவீதம் மனிதன் தின்ன முடியாத பொருள். வைக்கோல், புல், பிண்ணாக்கு, தவிடு. இங்கே டெல்டாவில் அதற்கு விளக்கமே தேவையில்லை. சம்பா அறுத்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்க வாத்து மந்தை இறங்கும். கோடையில் ராமநாதபுரம் பக்கமிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் வந்து ஆட்டுக்கிடை போடுவார்கள், புழுக்கையும் மூத்திரமும் அடுத்த போகத்துக்கு உரம். எங்கள் பக்கத்து நாட்டினமான உம்பளச்சேரி மாடு வைக்கோலையும் வரப்புப் புல்லையும் தின்றே முழங்கால் சேற்றில் உழுதது. பால் என்னவோ இரண்டு லிட்டர்தான், அதற்காக அதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன்.

இன்று நிலைமை வேறு. டிராக்டர் வந்ததும் உழவு மாட்டுக்கு வேலை போனது. அறுவடை முடிந்த சூட்டோடு வைக்கோலை உருளையாகச் சுருட்டி லாரியில் ஏற்றி விற்றுவிடுகிறார்கள். அப்புறம் கலப்பின மாட்டுக்கு மூட்டைத் தீவனம் கடனில் வாங்குகிறார்கள். பால் பணத்தில் பாதி தீவனக் கடைக்கே போகிறது. நிலமில்லாத வீட்டில் அந்தப் பணம்தான் அரிசி, பள்ளிச் செலவு எல்லாம். ஆனால் கறந்த பால் மொத்தமும் சொசைட்டிக்குப் போய், அந்த வீட்டுப் பிள்ளைக்கு டீயில் விட்ட பால் மட்டும் மிஞ்சுவதையும் பார்க்கிறேன். ஒரு டம்ளராவது வீட்டில் நிறுத்துங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். வைட்டமின் பி12 போன்ற சத்து அரிசியிலும் பருப்பிலும் இல்லை.

மீத்தேன் விஷயமும் உண்மைதான். மாடு ஏப்பமாக விடும் மீத்தேன் வாயு பூமியைச் சூடாக்குகிறது. நம் நெல் வயலும்தான் விடுகிறது, சரி, அது வேறு கதை. சத்தில்லாத தீனி தின்று ஒரு லிட்டர் கறக்கும் மாடுகள் நாலைக் கட்டுவதைவிட, நன்றாகத் தின்று கறக்கும் ஒன்றிரண்டைக் கட்டினால் லிட்டருக்கு வெளியேறும் மீத்தேன் குறையும்.

அதற்கு வைக்கோலையே தேற்றலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் விடுங்கள். திறந்து ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடவே கூடாது. யூரியாவை நேரடியாகத் தொட்டியில் கலப்பது விஷம். கரைத்து மிச்சம் வைத்த வாளியில் மாடு வாய் வைத்து இறந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மா இந்தப் பொங்கலுக்கு முதல் நாளே போன் செய்தார். "டாக்டரம்மா, சாஸ்திரத்துக்கு ஒரு கைப்பிடி குடுக்கலாமா?"

கொடுக்கலாம் என்றேன். வாழையிலையோடு.