லாகர்னா பீர் மட்டும் இல்லீங்க

லாகர்னு சொன்னா நம்மாளுங்களுக்கு பீர்தான் ஞாபகம் வரும், ஆனா தென்னாப்பிரிக்காவுல அதுக்கு மாட்டு வண்டிகளை வளைச்சு நிறுத்திப் போடுற கோட்டைனு அர்த்தம். ஆப்பிரிகான்ஸ் மொழியில இப்போ 'லார்'னு தேய்ஞ்சு போச்சு. ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான்.

பழைய ஜெர்மன்ல இந்தச் சொல்லுக்கு படுக்கை, படுக்குற இடம்னு பொருள், அதுல இருந்து படை தங்குற இடம்னு ஆச்சு. டச்சுல 'லேகர்'னா ராணுவம், ஆனா முயல் புல்லுல படுத்துக் கிடக்குற பள்ளத்துக்கும் அதே பேருதான். பீரை குளிர்ந்த நிலவறையில மாசக்கணக்கா சும்மா கிடக்க விடுறதால அது லாகர். நம்ம ஊர்ல ராத்திரி வயல்ல ஆட்டுக்கிடை போடுறோம்ல, 'கிட'ல இருந்து வந்த 'கிடை', அச்சு அசல் அதே யோசனை!

சரி, கோட்டை எப்படி வேலை செய்யுது? ஒரு வண்டியோட ஏர்க்கால அடுத்த வண்டிக்கு அடியில தள்ளி, சங்கிலி போட்டுப் பிணைச்சு, சந்துலயும் சக்கரத்துக்கு நடுவுலயும் முள்ளு வெட்டி அடைச்சிடுவாங்க. அந்தக் காலத்துத் துப்பாக்கில ஒரு தடவை சுட்டா மறுபடி மருந்து கெட்டிக்க நேரம் ஆகும், அந்த நேரத்துல ஈட்டிக்காரன் கிட்ட வந்துட்டா கதை முடிஞ்சுது, முள்ளு அவனை நிறுத்தி அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்குது, அவ்ளோதான் விஷயம்.

1836 அக்டோபர்ல தென்னாப்பிரிக்காவுல வெக்காப்ங்கற இடத்துல போயர்கள், அதாவது டச்சு வழி வந்த வெள்ளைக்காரக் குடியேறிகள், இப்படி ஒரு கோட்டை போட்டாங்க. சுமார் 50 வண்டி, துப்பாக்கி பிடிக்க 40 பேர் கூட இல்ல, பொம்பளைங்க மருந்து கெட்டிச்சுக் கொடுக்கக் கொடுக்க ஆம்பளைங்க சுட்டாங்க. எதிர்ல வந்த இந்டெபெலேங்கற ஆப்பிரிக்க இனத்துப் படை எறிஞ்ச ஈட்டி ஆயிரத்துக்கு மேல உள்ள விழுந்தும் செத்தது ரெண்டே பேரு. ஆனா மாடெல்லாம் வெளிய இருந்துச்சு, அத்தனையையும் ஓட்டிட்டுப் போயிட்டாங்க! கோட்டை பத்திரமா இருக்கு, இழுக்கத்தான் மாடில்ல. கடைசில பரோலாங்குங்கற இன்னொரு ஆப்பிரிக்க இனத்தோட தலைவர் மொரோக்கா மாடு அனுப்பித்தான் அவங்க அங்கேர்ந்து கிளம்பவே முடிஞ்சுது. ஆப்பிரிக்கர் உதவின இந்தப் பகுதியை நிறைய பேர் சொல்லாம விட்டுடுறாங்க.

1838 டிசம்பர் 16, ஜூலு படையோட நடந்த ரத்த ஆத்துப் போர்ல போயர்கள் உஷாராயிட்டாங்க, மாடு குதிரை எல்லாம் உள்ள.

டெக்னிக் அவங்க கண்டுபிடிச்சது இல்ல. செக் நாட்டுல யான் ஜிஷ்காங்கற தளபதி 1420கள்லயே இதை வெச்சு குதிரைப்படையைத் திணறடிச்சார், 1526ல பானிபட்ல பாபர் 700 வண்டியை மாட்டுத்தோல் கயித்தால கட்டி பின்னாடி துப்பாக்கிக்காரங்களை நிறுத்தினாரு.

வண்டி போனாலும் பேரு போகல. ரெண்டாம் உலகப்போர்ல வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துல பிரிட்டிஷ் டாங்க் படை இருட்டினதும் ஒண்ணா நெருக்கி நிக்கும், நடுவுல பெட்ரோல் லாரி, அதுக்கும் பேரு லாகர்தான். ரிப்பேர் பாத்து, பெட்ரோல் ஊத்தி, மிச்சம் இருக்குற ஒண்ணு ரெண்டு மணி நேரம் படுத்துட்டு, விடியுறதுக்கு முன்னாடியே கலைஞ்சிடுவாங்க.