சோபியாவின் கோணல் பம்பரம்

அவிநாசித் தேர்க்கடையில் வாங்கிய பம்பரம் ஒன்று எங்கள் வீட்டு அட்டாலியில் இன்னும் கிடக்கிறது. ஆக்கர் (மற்றப் பம்பரத்தின் ஆணிக் குத்து) வாங்கி வாங்கி ஒரு பக்கம் சில்லு பெயர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எவ்வளவு இறுக்கிச் சாட்டை சுற்றி விட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டு எங்கேயோ ஓடும். இப்படி எடை ஒருபக்கமாக ஒதுங்கிய பம்பரம் ஒன்றுக்குக் கணக்குப் போட்டுத்தான் சோபியா கோவலெவ்ஸ்கயா 1888-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் போர்டின் பரிசை வாங்கினார். அப்போது அவர் ஸ்டாக்ஹோமில் கணிதப் பேராசிரியர்.

முதலில் நல்ல பம்பரம் ஏன் விழுவதில்லை என்று பார்த்துவிடலாம். சுற்றாத பம்பரத்தை ஆணியில் நிறுத்தினால் ஈர்ப்பு விசை அதைச் சாய்த்துவிடும். சுற்றுகிற பம்பரத்துக்குத் தன் அச்சின் திசையில் கோண உந்தம் (சுழற்சி வேகமும் எடைப் பரவலும் சேர்ந்த அளவு) இருக்கிறது. ஈர்ப்பு தருகிற திருப்புவிசை அந்த உந்தத்தைக் கீழே இழுப்பதில்லை, பக்கவாட்டில் திருப்புகிறது. அதனால்தான் சாய்ந்த பம்பரம் விழாமல் மெதுவாக வட்டமடிக்கிறது. சுழற்சி குறையக் குறைய இந்த வட்டம் வேகமாகும். கடைசி நேரத்தில் பம்பரம் 'தலை கிறுகிறுத்து' விழுவது அப்படித்தான்.

சரி, அடுத்த நொடியில் அதன் தலை எங்கே இருக்கும் என்று சூத்திரம் எழுத முடியுமா? அங்கேதான் சிக்கல். ஆணி ஓரிடத்தில் நின்று ஆடுகிற எந்தப் பம்பரத்துக்கும் (உராய்வை மறந்துவிடுவோம்) இரண்டு அளவுகள் மாறாமல் இருக்கும். ஒன்று மொத்த ஆற்றல், இன்னொன்று செங்குத்துத் திசையிலான கோண உந்தம். மூன்றாவதாக ஒரு மாறிலி கிடைத்தால்தான் கணக்கு முழுதாக அவிழும். எடை மையத்திலேயே தாங்கிய பொருளுக்குக் கணித மேதை ஆய்லர் அதைக் கண்டார். எடை மையம் அச்சின் மேலேயே இருக்கிற, கடைசல் பிசகாத பம்பரத்துக்கு இன்னொரு கணித மேதை லக்ராஞ்சு கண்டார். அதற்கப்புறம் ஏறக்குறைய நூறு வருஷம் ஒன்றும் நகரவில்லை.

சோபியா வேறு பக்கத்திலிருந்து வந்தார். நேரத்தைக் கலப்பெண்ணாக (-1-இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்ட எண்ணாக) எடுத்துக்கொண்டார். கடிகாரத்தில் அப்படி ஒரு நேரம் கிடையாது. ஆனால் சமன்பாட்டுக்கு அது தெரியாதே! கலப்பெண் தளத்தில் சில புள்ளிகளில் விடை எல்லையில்லாமல் பெருகும். அந்தப் பெருக்கம் ஒழுங்கானதாக, விடை கிளை பிரியாததாக (ஒரு நேரத்துக்கு ஒரே மதிப்பு தருவதாக) இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்து, எந்தெந்தப் பம்பரம் தேறும் என்று சலித்தார். பழைய இரண்டும் தேறின. கூடவே புதிதாக ஒன்று வந்து நின்றது. அதில் ஆணி முனையைப் பொறுத்த இரண்டு நிலைமத் திருப்புத்திறன்கள் (அந்தந்த அச்சில் சுழற்ற எவ்வளவு சிரமம் என்பதன் அளவுகள்) சமம், மூன்றாவது அவற்றில் சரிபாதி. எடை மையமோ அச்சில் இல்லை, பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது. எந்தப் பையனும் காசு கொடுத்து வாங்காத பம்பரம். அதற்கான மூன்றாவது மாறிலி சுழற்சி வேகங்களின் நான்காம் படியில் வருகிறது. வெறும் உள்ளுணர்வில் யாருக்கும் தோன்றியிருக்காது என்பது என் எண்ணம். 3000 பிராங்காக இருந்த பரிசை 5000 ஆக்கிக் கொடுத்தார்கள்.

1850-இல் மாஸ்கோவில் பிறந்தவர் சோபியா. சின்ன வயதில் சுவர்க்காகிதம் பற்றாமல், அவர்கள் இருந்த அறைச் சுவரில் ரஷ்யக் கணிதர் ஆஸ்ட்ரோகிராட்ஸ்கியின் நுண்கணித விரிவுரைத் தாள்களை ஒட்டியிருந்தார்களாம். ரஷ்யாவில் பெண்ணுக்குப் பல்கலைக்கழகம் கிடையாது என்பதால், வெளிநாடு போவதற்காகவே பேருக்கு ஒரு கல்யாணம் செய்துகொண்டார். பெர்லினிலும் வகுப்பில் உட்கார விடவில்லை. அங்கிருந்த கணிதப் பேராசிரியர் வையர்ஸ்ட்ராஸ் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். 1874-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தந்தது. அதற்கப்புறமும் பல வருஷம் வேலையில்லை. சுவீடன் கணிதர் மிட்டாக்-லெஃப்லர் முயன்றுதான் ஸ்டாக்ஹோமில் இடம் கிடைத்தது. முதலில் ஜெர்மனில் பாடம் நடத்திவிட்டுப் பிறகு சுவீடிஷ் கற்றுக்கொண்டு அதிலேயே நடத்தினார். 1889-இல் நிரந்தரப் பேராசிரியர் ஆனார். 1891 பிப்ரவரியில் நிமோனியாவில் போய்விட்டார். வயது 41.

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் மோட்டார்ப் பட்டறைகளில் ரோட்டருக்கு பேலன்சிங் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். "ஒரு பக்கம் வெயிட் ஏறிருச்சுன்னா ஷாஃப்ட் ஆடுமுங்க, பேரிங் போயிருமுங்க" என்றார் எங்கள் மோட்டாரைச் சரிசெய்த அண்ணன். கனமான பக்கத்தில் கொஞ்சம் துளைத்து எடுத்து, மறுபடி மெஷினில் ஏற்றிச் சுற்றவிட்டுப் பார்த்தார். கோணலை ஒழிப்பது அவர் தொழில்.

அட்டாலிப் பம்பரத்துக்கு வருவோம். அதுவும் கோணல்தான், ஆனால் சோபியா கேட்ட விகிதம் அதில் இல்லை. எல்லாத் தொடக்க நிலைக்கும் செல்லுபடியாகும் இயற்கணித மாறிலி இந்த மூன்று வகைக்கு வெளியே இல்லை என்று பின்னால் வந்தவர்கள் நிறுவிவிட்டார்கள். ஆகவே என் பம்பரம் அடுத்து எந்தப் பக்கம் தலையாட்டும் என்று தெரிய வேண்டுமானால், கம்ப்யூட்டரில் துளித்துளி நேரமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.